லைசென்ஸ் ஆபீசுக்கும் பரீட்சை வேண்டும்

(கொடைக்கானலில் மோட்டார் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



லைசென்ஸ் வாங்கப் போகிற நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை உண்டு. எட்டுப் போட வேண்டும். கால் தரையில் பட்டால் தோல்வி. பின்னால் எடுத்துக் காட்ட வேண்டும். கொடி சாய்ந்தால் தோல்வி. சரி, இருக்கட்டும். ரோட்டிலே நாலு பேர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பரீட்சை வேண்டியதுதான். ஆனால் அந்தப் பரீட்சையை வைக்கிற ஆபீசுக்கு யார் பரீட்சை வைப்பது? அது தேறியதா, தோற்றதா என்று யார் பார்ப்பது? இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயமில்லை. உலகத்திலே பல சர்க்கார்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. செய்த விதத்திலேதான் கோளாறு.

‘இத்தனை நாளுக்குள் இந்த வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்’ என்று ஆபீசுக்குக் கெடு வைப்பது நம் நாட்டிலும் புதிதல்ல. 1997 மே மாதம் டில்லியில் முதலமைச்சர்கள் மாநாடு கூடிற்று. அதற்குப் பிறகுதான் ஆபீஸ் வாசல்களிலே ‘மக்கள் சாசனம்’ என்று பலகைகள் ஏறின. இன்ன மனுவுக்கு இத்தனை நாள் என்று பெயிண்டில் எழுதினார்கள். பல இடங்களில் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. பலகை மட்டும் நிற்கிறது. கெடு தவறினால் யார் பொறுப்பு என்று அந்தப் பலகையில் எழுதவில்லை. ஆகவே அது வெறும் அலங்காரம்.

பிறகு சட்டம் வந்தது. மத்தியப் பிரதேசம் 2010-ல் முதலில் செய்தது. கர்நாடகம் 2011-ல் சட்டம் செய்து, 2012 ஏப்ரலில் ‘சகாலா’ என்ற பெயரில் அமுலுக்குக் கொண்டுவந்தது. கேரளம் 2012-ல் செய்தது. கர்நாடகத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். மனுக் கொடுத்தவனுக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் நஷ்ட ஈடு. எத்தனை நாளானாலும் 500 ரூபாய்க்கு மேல் இல்லை. அந்தப் பணம் தாமதம் செய்த உத்தியோகஸ்தரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட வேண்டும்.

20 ரூபாய்! இங்கே ஸ்டாண்டில் ஒரு டீயும் வடையும். லைசென்ஸ் கைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு ஒரு நாள் போனால் என்ன போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த 20 ரூபாயை நான் கேலி செய்ய மாட்டேன். ‘உன் நேரத்துக்கும் விலை உண்டு’ என்று சர்க்கார் காகிதத்தில் ஒப்புக்கொண்டதே, அது பெரிய காரியம். நமது மாநிலத்திலும் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்ற குரல் வெகு நாளாக எழுந்துகொண்டிருக்கிறது. அந்தக் குரலோடு நாமும் சேர வேண்டும். சேரும்போது கண்ணைத் திறந்துகொண்டு சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்ல வருகிறேன்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

கெடு என்றால் கடிகாரம். கடிகாரம் எந்த நிமிஷத்தில் ஓடத் தொடங்குகிறது, எந்த நிமிஷத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

மனுவைக் கொடுத்த நாளிலிருந்து கணக்கு என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆபீஸ் சொல்லும்: ‘மனு பூர்த்தியான நாளிலிருந்து.’ விலாசத்தில் ஒரு எழுத்துப் பிசகு, போட்டோ மங்கல், வைத்தியர் சர்டிபிகேட்டில் முத்திரை சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் கடிகாரம் பழையபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டு, நாலாவது முறை வந்ததை அன்றைக்கே முடித்துக் கொடுத்தால், ஏட்டிலே ‘ஒரே நாளில் முடிந்தது’ என்றுதான் ஏறும். மேல்மலைக்காரன் அதற்குள் மூன்று தடவை மலையேறி இறங்கியிருப்பான்.

முடிவிலும் இதே கதைதான். 2024 பிப்ரவரி 28-ஆம் தேதியிலிருந்து நமது மாநிலத்தில் லைசென்சும் ஆர்.சி. புத்தகமும் தபாலில்தான் அனுப்பப்படுகின்றன. நேரில் கையில் கொடுப்பதில்லை என்று உத்தரவு. புரோக்கரை ஒழிக்க என்று காரணம் சொன்னார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் ஆபீசின் கடிகாரம் ஸ்பீடு போஸ்ட் கவர் வெளியே போன நேரத்தில் நின்றுவிடுகிறது. கிளாவரையில் இருப்பவனுக்கு அந்தக் கவர் என்றைக்கு வந்து சேர்ந்தது? வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு பெருமாள்மலையிலிருந்து பண்ணைக்காட்டுக்குப் போனவனுக்கு வந்து சேர்ந்ததா? காட்டு வேலைக்குப் புருஷனும் பெண்சாதியும் போய்விட்ட வீட்டில் தபால்காரர் யாரிடம் கையெழுத்து வாங்குவார்? கவர் திரும்பிப் போனால் அது எந்தக் கணக்கில் சேரும்? ஆபீஸ் ஏட்டில் அது ‘அனுப்பியாயிற்று’. இவனிடம் போலீஸ்காரர் கேட்கும்போது கையில் ஒன்றுமில்லை. செல்போனில் காட்டலாம் என்பார்கள், சட்டப்படி காட்டலாம்தான். மன்னவனூர் தாண்டி சிக்னல் எந்தப் பாறை மேல் ஏறினால் கிடைக்கும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே முதல் கோரிக்கை: கணக்கு, மனுதாரன் முதன்முதலில் மனுப் போட்ட நாளில் தொடங்கட்டும், லைசென்ஸ் அவன் கைக்கு வந்த நாளில் முடியட்டும். நடுவில் எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள், என்ன காரணம் சொல்லி அனுப்பினார்கள் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.

டில்லியில் செய்து பார்த்த சோதனை

சீக்கிரம் கொடுத்தால் போதுமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. நம் தோழர்களிலேயே பலர், ‘எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறானோ அவ்வளவு நல்ல ஆபீஸ்’ என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காக ஒரு சோதனையைச் சொல்லுகிறேன்.

2004-ம் ஆண்டின் கடைசியிலும் 2005-ம் ஆண்டின் தொடக்கத்திலுமாக டில்லியில் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் நாலு பேர் லைசென்ஸ் வாங்க விரும்பிய 822 பேரைச் சேர்த்தார்கள். மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு, ‘32 நாளுக்குள் லைசென்ஸ் வாங்கிக் காட்டினால் 2,000 ரூபாய் பரிசு’ என்றார்கள். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் பரீட்சைக்கே போகலாம் என்பது சட்டம். அதற்கு மேல் இரண்டே நாள். இன்னொரு கூட்டத்துக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை.

என்ன நடந்தது? பரிசுக்கு ஆசைப்பட்டவர்கள் மற்றவர்களை விட அதிகம் பேர் லைசென்ஸ் வாங்கினார்கள், சீக்கிரமாகவும் வாங்கினார்கள். அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் லைசென்ஸ் வாங்கியவர்களைக் கூப்பிட்டு, தாங்களே தனியாக ஒரு பரீட்சை வைத்தார்கள். மொத்தத்தில் லைசென்ஸ் வாங்கியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஆபீஸ் பரீட்சைக்கு நிற்கவே இல்லை. 54 சதவீதம் பேருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை! அப்போது சர்க்கார் கட்டணம் 450 ரூபாய். சராசரியாக ஒருவர் செலவழித்தது சுமார் 1,120 ரூபாய். மீதி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. இதைவிடக் கேவலம், ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, புரோக்கர் இல்லாமல், நேர் வழியில் போனவர்களிலே மூன்றில் ஒரு பங்குப் பேரைப் பரீட்சையில் தோற்கடித்திருக்கிறார்கள். ஓட்டத் தெரிந்தவனும் தோற்றான், தெரியாதவனும் தோற்றான். 2007-ல் இந்த முடிவுகள் அச்சாகி வெளிவந்தன.

அந்தப் பரிசு ஆபீசுக்கு வைத்ததல்ல, மனுதாரனுக்கு வைத்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவசரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது புரோக்கர் வீட்டு வழியாகத்தான் ஓடுகிறது. நாளையே மந்திரி ஒருவர், ‘மாதத்துக்கு இத்தனை லைசென்ஸ் கொடுக்காத ஆபீசுக்கு மெமோ’ என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும்? பிரேக் இன்ஸ்பெக்டர் காலையில் வரிசையாக நிற்கிறவர்களைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், கையெழுத்துப் போட்டுவிடுவார். இலக்கு நிறைவேறிவிடும்.

எண்ணிக்கை வெறி எந்தச் சமுதாயத்திலும் தலைகாட்டும் வியாதி. சோவியத் நாட்டிலே சரவிளக்குச் செய்கிற தொழிற்சாலைகளுக்கு இத்தனை டன் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அவர்களும் விளக்கை வரவரக் கனமாகச் செய்து இலக்கைத் தாண்டிவிட்டார்கள். 1959-ல் குருஷ்சேவே இதை எடுத்துச் சொல்லிக் கண்டித்தார். இத்தனை கனமான விளக்கு யாருக்கு வேண்டும் என்பது அவர் கேள்வி. எடையை எண்ணினால் எடை கிடைக்கும். நமக்கு வேண்டியது வெளிச்சம்.

பதினைந்தாம் விதி

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

காட்ரோட்டில் ஏறத் தொடங்கி, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று மூஞ்சிக்கல் வந்து சேருகிற ரோடு 1914-ல் போட்டு முடிக்கப்பட்டது. அப்போது அதில் போனது மாட்டு வண்டியும் ஒன்றிரண்டு துரைகளின் காரும். இன்றைக்கு அதே வளைவுகளில் எத்தனை வண்டி? 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து கோடை சீசனுக்குக் கொடைக்கானலுக்கு சாதாரண நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்கெடுக்கச் சென்னை ஐ.ஐ.டி.யையும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மையும் அமர்த்தினார்கள். நல்லது. ஏறுகிற வண்டியை எண்ணத் தெரிந்துவிட்டது. அந்த வண்டியை ஓட்டுகிறவனுக்கு மலையில் ஓட்டத் தெரியுமா என்று எங்கே எண்ணியிருக்கிறார்கள்?

உங்களுக்கு நான் கியர் போடக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ‘எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு’ என்று கிளீனராக இருந்த காலத்திலேயே உங்கள் குருமார்கள் தலையில் தட்டிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சமவெளியிலிருந்து வருகிறவனுக்கு அது தெரியாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறான். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறான். பாதி மலையிலே டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிற பஸ்சுக்கு வழி விட வேண்டும், ஏறுகிற வண்டிக்கே முதல் உரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுக்கும்போது பின்னால் வழுக்கவிட்டு, பின்னால் நிற்கிற ஜீப்பின் மூக்கில் இடிக்கிறான். இடிபட்ட ஜீப்காரர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது? சட்டத்தில் இடமில்லாமலா கொடுத்தார்கள்? 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். பரீட்சைக்கு வருகிறவன் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. இறக்கத்தில் போகும்போது சட்டென்று கீழ் கியருக்கு மாற்றத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைச் சரியாகப் பயன்படுத்தி, கொஞ்சமும் பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி. நமக்காகவே எழுதியது போல இருக்கிறது! ஆனால் ஒரு மேடும் இல்லாத மைதானத்தில் பரீட்சை வைத்தால் இந்த இரண்டு வரிகளையும் எப்படிச் சோதிக்க முடியும்?

இதை அலட்சியமாக விட முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட, எல்.எம்.வி. லைசென்சே போதும், தனி அங்கீகாரம் தேவையில்லை. இது தொழிலாளிக்குச் சாதகமான தீர்ப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதைச் சாக்காக வைத்துப் பணம் கொடுக்காமல் தப்பிக்கப் பார்த்தன. அந்த வழி அடைபட்டது. நாம் வரவேற்கிறோம். 2019-ல் வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தையே பார்க்காத எத்தனையோ மலைவாசிப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது. அதையும் வரவேற்கிறோம். ஆனால் இதன் பலனை யோசியுங்கள். பூம்பாறையில் பூண்டு மூட்டையைக் கழுத்து வரை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு விடிவதற்குள் இறங்குகிற பிக்கப் வண்டி இருக்கிறதே, அதற்கும் ஒரு வாலிபனுக்கும் நடுவே இப்போது நிற்பது அந்த ஒரே ஒரு பரீட்சைதான். அது பொய்ப் பரீட்சையாக இருந்தால் சாகிறவன் யார்? வண்டி முதலாளி அல்ல.

2022-ல் இந்தியாவில் ரோடு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகமான விபத்து நடந்த மாநிலம் நமது தமிழ்நாடு: 64,105 விபத்து, 17,884 சாவு. இத்தனைக்கும் டிரைவர்தான் காரணம் என்று சொல்லுகிறவன் அயோக்கியன். ரோடு காரணம், பழைய டயர் காரணம், 16 மணி நேரம் தூங்கவிடாமல் ஓட்டச் சொல்லுகிற முதலாளி காரணம். ஆனால் லைசென்ஸ் ஆபீசின் பங்கு எவ்வளவு என்று எங்காவது கணக்கு இருக்கிறதா? இந்த ஆபீசில் லைசென்ஸ் வாங்கியவர்களில் இத்தனை பேர் முதல் இரண்டு வருஷத்துக்குள் விபத்தில் சிக்கினார்கள் என்று ஒரு பலகை தொங்கட்டும். அதுதான் அந்த ஆபீசுக்கு உண்மையான மார்க்.

ஸ்வான்ஸீ நகரத்துத் தொழிலாளிகள்

‘கம்ப்யூட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று படித்த நண்பர்கள் சொல்லுகிறார்கள். 2022 செப்டம்பரில் 58 சேவைகளை ஆபீஸ் படியேறாமலே பெறலாம் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. எல்.எல்.ஆர். பரீட்சையை வீட்டில் இருந்தே எழுதலாம் என்றும் ஏற்பாடு செய்தார்கள். நமக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு நடை மிச்சமானாலும் மிச்சம்தான். ஆனால் வெளிநாட்டு அனுபவம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில், ஸ்வான்ஸீ என்று ஒரு நகரம். நாட்டு லைசென்ஸ் வேலை முழுவதும் அங்கே ஒரே பெரிய ஆபீசில் நடக்கிறது. அந்த ஆபீசுக்கு ஒவ்வொரு வருஷமும் இலக்கு வைத்துப் பார்லிமெண்டுக்கு அறிவிப்பார்கள். ஆக, இலக்கு வைக்கும் கலையில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள். 2020-ல் கொரோனா வந்தது. கம்ப்யூட்டரில் மனுப் போட்டவர்களுக்கு வேலை பெரும்பாலும் தடையில்லாமல் நடந்தது. காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டவர்களும், வலிப்பு, சர்க்கரை, இருதய நோய் போன்றவை இருப்பதால் வைத்தியர் அபிப்பிராயம் வேண்டியிருந்தவர்களும் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். 2020 ஏப்ரலிலிருந்து 2022 மார்ச் வரை இப்படித் தாமதத்தில் சிக்கியவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று அந்நாட்டுத் தணிக்கை இலாகாவே கணக்குச் சொல்லிற்று. வேலையை இழந்தவர்களும் அதில் உண்டு.

இன்னொரு பக்கம் பாருங்கள். தொற்றுப் பரவுகிற காலத்தில் நூற்றுக்கணக்கான ஊழியர்களை ஒரே கட்டிடத்தில் அடைத்து வேலை வாங்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வியாதி வந்தது. 2021 ஏப்ரலில் அந்த ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கவுண்டருக்கு வெளியே நிற்கிறவன் காத்துக் கிடந்தான். உள்ளே இருக்கிறவன் இருமிக்கொண்டு வேலை செய்தான். இலக்கை எழுதிய மந்திரி இரண்டு வரிசையிலும் இல்லை.

சுலபமான மனுவையும் கஷ்டமான மனுவையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால், கஷ்டப்படுகிறவன் அந்தச் சராசரியில் காணாமல் போவான். திண்டுக்கல் நகரத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு இரண்டு நாள், கிளாவரைக்காரனுக்கு இரண்டு மாதம். சராசரியில் ‘திருப்திகரம்’ என்று வரும். ஆகவே மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும். மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் தனித்தனியாகவே வேண்டும். அதிலும் நாளை மட்டும் எண்ணினால் போதாது, நடையை எண்ண வேண்டும். ஒரு லைசென்சுக்கு ஒரு மனுஷன் எத்தனை தடவை வீட்டை விட்டுக் கிளம்பினான்? கிளாவரையிலிருந்தோ கவுஞ்சியிலிருந்தோ கொடைக்கானல் வந்து சேரவே காலைப் பொழுது போய்விடும். அதற்கு மேல் வத்தலக்குண்டு, பழனி, திண்டுக்கல் என்று எங்கே இறங்கினாலும் அன்றைக்கு வேலை கிடையாது. பஸ் சார்ஜ், சாப்பாடு, ஒரு நாள் கூலி, கம்ப்யூட்டர் கடைக்காரனுக்குக் கொடுத்தது, அவ்வளவையும் கூட்டுங்கள். பரீட்சையில் தோற்றால் இதே செலவு இன்னொரு முறை. மூன்று முறை தோற்றால் 60 நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம். எதனால் தோற்றான் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றால் அதற்கும் வழியில்லாத இடங்கள் உண்டு. காரணம் தெரியாமல் தோற்றவனுக்கு அந்த நேரத்தில் வாசலில் நிற்கிற புரோக்கர்தான் தெய்வமாகத் தெரிகிறார்.

சற்று முன்னே ஒரு தோழர் எழுந்து கேட்டார்: “புரோக்கரையும் ஒழித்துவிட்டால் எங்களுக்கு மனு எழுதுவது யார்?” நியாயமான கேள்வி. புரோக்கர் என்ன செய்கிறார்? எந்தக் காகிதம் வேண்டும் என்று சொல்லுகிறார், எந்த ஜன்னல் என்று காட்டுகிறார், மனுவை நிரப்புகிறார். இந்த மூன்றும் ஆபீஸ் செய்ய வேண்டிய வேலை. ஆபீஸ் செய்யாததால் அது வியாபாரமாயிற்று. நாலாவதாக அவர் செய்கிற வேலைதான் களவு. முதல் மூன்றையும் நம் சங்கத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வாரத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் செய்துவிடலாம். நாலாவதற்கு அப்புறம் தேவையே குறைந்துபோகும்.

இன்ஸ்பெக்டருக்கும் ஒரு வரம்பு

இனி உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி. கெடு என்றதும் நம்மில் சிலருக்கு ஒரு சந்தோஷம் வருகிறது. ‘குமாஸ்தாவுக்குச் சவுக்கு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜாக்கிரதை. காலியான நாற்காலிகளை நிரப்பாமல், இருக்கிற இரண்டு பேர் தலையில் நாலு பேர் வேலையைக் கட்டி, அதற்கு மேல் கெடுவையும் வைத்து, தவறினால் சம்பளத்தில் பிடிப்பது என்றால் அது நம் முதலாளிகள் செய்கிற ‘டிரிப் பேட்டா’ மாதிரிதான். ஒரு நாளைக்கு இத்தனை டிரிப் அடித்தால்தான் பேட்டா என்றபோது நாம் என்ன செய்தோம்? வளைவில் வேகத்தைக் கூட்டினோம். அவர்களும் அதையே செய்வார்கள், பரீட்சையைச் சுருக்குவார்கள்.

ஆகையால் இரண்டு விதமான வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விலாச மாற்றம், புதுப்பித்தல், கார்டு அச்சடித்தல், ஆர்.சி.யில் பெயர் மாற்றம் எல்லாம் காகித வேலை. இதற்குக் கெடு வைக்கலாம், கடுமையாகவே வைக்கலாம். 2019-ல் திருத்திய சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறிவிட்டது. காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிப் போனால் மறுபடி பரீட்சை கொடுக்க வேண்டும். தொழிலாளி ஒரு நாள் தவறினால் சர்க்கார் சும்மா விடுவதில்லை. சர்க்கார் தவறினாலும் அப்படியே விலை இருக்கட்டும்.

பரீட்சை அப்படிப்பட்ட வேலையல்ல. அதற்குக் கெடு வைத்தால் கெட்டுப்போகும். அதற்கு வேண்டியது வரம்பு. ஓர் இன்ஸ்பெக்டர் ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் பரீட்சை வைக்கக் கூடாது. ஒருவருக்கு இத்தனை நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. 15-ஆவது விதியின் ஒவ்வொரு வரிக்கும் நேரே தேறினான், தேறவில்லை என்று குறித்து ஒரு பிரதியை மனுதாரன் கையில் கொடுக்க வேண்டும். வரிசை நீண்டால் இன்னொரு இன்ஸ்பெக்டரை நியமிக்கட்டும். நிமிஷத்தைக் குறைக்கக் கூடாது. மாதம் ஒரு முறை, தேதி முன்கூட்டியே தெரியும்படி, மலையிலேயே பரீட்சை முகாம் போடட்டும். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டுவதற்கு இந்த ஊரில் இடத்துக்கா பஞ்சம்?

பரீட்சை வேலையையே தனியாரிடம் விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை உலவுகிறது. 2021-ல் விதி வந்தது: அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் நாலு வாரத்தில் 29 மணி நேரம் கார் பயிற்சி முடித்துத் தேறினால் ஆபீஸ் பரீட்சை தேவையில்லை. நிலையத்துக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் இடம் வேண்டும். 29 மணி நேரம் பயிற்சி என்பது நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பீஸ் வாங்குகிறவனே மார்க்கும் போடுகிற ஏற்பாட்டில் யாரும் தோற்க மாட்டார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை.

இப்போது நாம் செய்ய வேண்டியது. மனுக் கொடுக்கப் போகும்போது வெறுங்கையோடு போனால், ‘பரிசீலிக்கிறோம்’ என்பார்கள். நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். ஆகவே மூஞ்சிக்கல், நாயுடுபுரம், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் ஸ்டாண்டுகளில் ஸ்டாண்டுக்கு ஒரு நோட்டு வைக்கிறோம். லைசென்ஸ், புதுப்பித்தல், ஆர்.சி., எப்.சி. எந்த வேலையாகப் போனாலும் போய்வந்தவர் எழுத வேண்டும். முதலில் மனுப் போட்ட தேதி, எத்தனை நடை, எத்தனை நாள் கூலி போயிற்று, ரசீது உள்ள செலவு எவ்வளவு, ரசீது இல்லாத செலவு எவ்வளவு, பரீட்சையில் ஏற்றத்தில் எடுக்கச் சொன்னார்களா, தோற்றிருந்தால் என்ன காரணம் சொன்னார்கள், கார்டு கைக்கு வந்த தேதி. யார் பெயரையும் எழுத வேண்டாம். இன்ஸ்பெக்டர் பெயரும் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மிகைப்படுத்தி எழுதாதீர்கள். மூன்று நடையை ஐந்து நடை என்று எழுதினால், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்த நோட்டையும் பொய் என்பார்கள்.

மூன்று மாதம் நடக்கட்டும். பிறகு ஏழு நோட்டுகளையும் ஒன்றாக வைத்துக் கூட்டி, அதை எடுத்துக்கொண்டு மாவட்டக் கலெக்டரையும் போக்குவரத்து அதிகாரிகளையும் பார்ப்போம். கூட்டல் கணக்குப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேஜைக்கு வாருங்கள். நோட்டுகளையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போகலாம்.